முத்திரை குத்திய தராசு: இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

"தம்பி, நம் கடைக்குள் போகாதே என்று செல்போன் சொல்கிறதாமே? கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டுக் கேட்கிறார்."

சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரம், காலை ஏழரை மணி. பேசியவர் மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருப்பவர். அவர் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திறந்து பார்த்தேன். சேலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு முக்கோணமும், 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் நின்றன.

"எஸ்எஸ்எல் போட்டுவிட்டதாகச் சொன்னாயே?"

"போட்டேன் அண்ணே."

"அப்புறம் என்ன?"

அந்த 'அப்புறம் என்ன' என்பதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். தளத்துக்கும் அதைப் பார்ப்பவருக்கும் நடுவே போகும் பேச்சை மறைத்துக் காக்கும் ஏற்பாடுதான் எஸ்எஸ்எல். எஸ்எஸ்எல் 'போடுவது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. ஒருமுறை அடித்தால் சில வருடம் கவலையில்லை என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இன்னொரு நினைப்பு, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிந்தால் அந்தத் தளம் நல்ல தளம் என்பது. மூன்றாவது, இலவசமாகக் கிடைப்பது அரைகுறையாகத்தான் இருக்கும் என்பது. மூன்றுமே தவறு.

துண்டுக்குள் பேரம்

மாட்டுத்தாவணி என்றால் இன்று பேருந்து நிலையமும் பூ மார்க்கெட்டும்தான் நினைவுக்கு வரும். பெயர் சொல்வதோ மாட்டுச் சந்தையை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்வார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும். எவ்வளவுக்குப் பேசுகிறார்கள் என்பது தெரியாது.

இணையத்தில் நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் போனிலிருந்து நேராகக் கடைக்காரரின் சர்வருக்கு, அதாவது தளம் குடியிருக்கும் கணினிக்கு, போவதில்லை. தேநீர்க் கடை வைஃபை, தொலைபேசி நிறுவனம், நடுவில் இன்னும் எத்தனையோ கருவிகள் என்று பல கை மாறித்தான் போகிறது. வலைப்பக்கங்களை அனுப்பும் பழைய எச்டிடிபி முறையில் அந்தச் செய்தி சந்தையில் உரக்கக் கத்தியது போலத்தான். வழியில் நிற்கும் எவரும் கேட்கலாம், மாற்றியும் சொல்லலாம். செய்தியை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி உருமாற்றி அனுப்புவதற்குக் குறியாக்கம் என்று பெயர். எச்டிடிபிஎஸ் என்பதன் கடைசி எழுத்து அந்தத் துண்டு. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் வெளியே தெரியும். அங்கே எந்தச் சேலையைப் பார்த்தீர்கள், என்ன கடவுச்சொல் கொடுத்தீர்கள் என்பது தெரியாது.

பெயரைப் பற்றி ஒரு சொல். எஸ்எஸ்எல், பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்திடமிருந்து 1995இல் வெளிவந்தது. 1999இல் அதன் அடுத்த வடிவத்துக்கு டிஎல்எஸ் என்று பெயர் மாற்றினார்கள். எஸ்எஸ்எல் பெயரில் இருந்த பதிப்புகள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. இன்று ஓடுவது டிஎல்எஸ், அதன் புதிய பதிப்பு 2018இல் வந்த 1.3. நிறுத்தத்தின் பெயரை மாற்றிய பிறகும் கண்டக்டர் பழைய பெயரையே கூவுவது போல, உலகம் எஸ்எஸ்எல் என்றே சொல்கிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

உள்ளே இருப்பது யார் கை?

துண்டு போட்டாயிற்று. ஆனால் துண்டுக்குள் நீங்கள் பிடித்திருப்பது மாட்டுக்காரர் கைதானா? நடுவில் புகுந்த வேறொருவர் கையாக இருந்தால், ரகசியமாகப் பேசியும் பயனில்லை. ரகசியமாக ஏமாந்திருப்பீர்கள், அவ்வளவுதான். சான்றிதழ் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

பாண்டியர்களின் மீன் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரை அச்சு அரண்மனையை விட்டு வெளியே வராது. அது பதிந்தால் எப்படி இருக்கும் என்பதோ நாட்டுக்கே தெரியும். ஓர் ஓலையில் உள்ள பதிவு உண்மையா என்று பார்க்க அச்சு தேவையில்லை, தெரிந்த பதிவோடு ஒப்பிட்டால் போதும். சர்வரிடமும் இப்படி ஒரு சோடி இருக்கிறது. அச்சைப் போல வெளியே விடாமல் வைத்திருப்பது தனிச்சாவி. பதிவைப் போல ஊருக்கெல்லாம் கொடுப்பது பொதுச்சாவி. இரண்டுமே மிக நீளமான எண்கள். பொதுச்சாவியை வைத்துத் தனிச்சாவியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாதபடி கணிதம் அமைந்திருக்கிறது.

நீங்கள் தளத்தைத் திறந்ததும் சர்வர் தன் சான்றிதழைக் காட்டுகிறது. 'இந்தப் பொதுச்சாவி இந்தப் பெயருக்கு உரியது' என்று மூன்றாம் ஆள் ஒருவர் கையெழுத்திட்ட சிறு கோப்புதான் சான்றிதழ். அடுத்து, அப்போது நடக்கும் அந்த உரையாடலின் மீதே சர்வர் தன் தனிச்சாவியால் முத்திரை குத்திக் காட்டுகிறது. பிரவுசர் அதைப் பொதுச்சாவியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால், அந்த உரையாடலுக்கு மட்டும் பயன்படும் ஒரு புதிய ரகசியச் சாவியை இருவரும் சேர்ந்து உருவாக்கிக்கொள்கிறார்கள். துண்டு விழுகிறது, பேரம் தொடங்குகிறது.

சுருக்கமாக: குறியாக்கம் பேச்சை மறைக்கிறது. சான்றிதழ், பேசுவது யார் என்று காட்டுகிறது. தனிச்சாவி சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போடுகிறவரை யார் நம்புவது?

பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் கொண்டுபோகிறீர்கள். கல்லூரியில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. வட்டாட்சியரையும் நேரில் தெரியாது. ஆனால் வட்டாட்சியர் கையெழுத்தை ஏற்கலாம் என்பது அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது. பிரவுசரும் அப்படித்தான். எந்தெந்த அமைப்புகளின் கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல் உங்கள் போனிலும் கணினியிலும் வரும்போதே பதிந்து வருகிறது. அந்த அமைப்புகளுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் என்று பெயர். பட்டியலின் உச்சியில் இருப்பவை மூலச் சான்றிதழ்கள். அவற்றின் சாவியைப் பூட்டி வைத்துவிட்டு, அன்றாடக் கையெழுத்தை ஓர் இடைநிலைச் சான்றிதழிடம் விட்டுவிடுவார்கள்.

இந்தப் பட்டியலில் இடம் பிடிப்பது கடினம், இழப்பது எளிது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற அமைப்புக்குள் யாரோ புகுந்து, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் வழங்கச் செய்துவிட்டார்கள். விஷயம் வெளிவந்ததும் பிரவுசர்கள் அந்த அமைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கின. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நிறுவனம் திவாலானது.

மூலச் சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத கருவிகள் பலவற்றில் நல்ல தளங்களும் அன்று திறக்கவில்லை. 'என் ஒருவனுக்கு மட்டும் எச்சரிக்கை வருகிறது' என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்பது போன் எவ்வளவு பழையது, அதில் தேதி சரியாக இருக்கிறதா என்றுதான்.

வாசலில் ஒரு கோலம்

இலவசச் சான்றிதழ் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் லெட்ஸ் என்கிரிப்ட். இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்ற லாப நோக்கற்ற அமெரிக்க அமைப்பு இதை நடத்துகிறது. 2014 நவம்பரில் அறிவித்தார்கள், 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், 2020 பிப்ரவரியில் நூறு கோடியாவது சான்றிதழை வழங்கினார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் ஒரு சாதாரணச் சான்றிதழுக்கும் பணம் கட்டி, மின்னஞ்சல் அனுப்பி, கோப்பைக் கையால் ஏற்ற வேண்டியிருந்தது. சின்னக் கடைக்காரர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அலுவலகமும் ஆட்களும் இல்லாமல், டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்களுடையதுதான் என்று ஒரு இயந்திரம் எப்படி அறிந்துகொள்ளும்? இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு வீடு உங்களுடையது என்கிறீர்கள். நான் ஆதார் அட்டை கேட்கவில்லை. ஒரு தாளில் நானே ஒரு புதுக் கோலத்தை வரைந்து கொடுக்கிறேன்; எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோலம். "இதை உங்கள் வீட்டு வாசலில் போடுங்கள், வந்து பார்க்கிறேன்" என்கிறேன். சற்று நேரம் கழித்து வந்து பார்க்கும்போது அச்சுப் பிசகாமல் அதே கோலம் வாசலில் இருந்தால், அந்த வாசல் உங்கள் கையில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். லெட்ஸ் என்கிரிப்ட் செய்வதும் இதேதான். உங்கள் சர்வரில் ஓடும் நிரலிடம் ஓர் எழுத்துக் கோவையைக் கொடுத்து, தளத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரியில் வைக்கச் சொல்கிறது. பிறகு வெளியிலிருந்து வந்து பார்க்கிறது. வழியில் ஒரு தெருவை மறித்து யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதால், 2020 முதல் உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்க்கிறார்கள்.

இந்தக் கோல ஆய்வு எண்பதாம் எண் வாசல் வழியாகத்தான் வரும். சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலைப் போர்ட் என்கிறோம். பழைய எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்-க்கு 443. 'பாதுகாப்பில்லாத வாசல்தானே' என்று 80ஐ முழுக்க அடைத்துவிட்டு, சான்றிதழ் கிடைக்கவில்லை என்று புலம்புவோர் நிறைய. அதைத் திறந்து வைத்து, வருகிறவர்களை 443க்குத் திருப்பி அனுப்புவதே முறை.

இரண்டாவது வழி, டிஎன்எஸ் மூலம். டொமைன் பெயரைச் சொன்னால் சர்வரின் எண் முகவரியைத் தரும் பொதுப் பதிவேடுதான் டிஎன்எஸ். வாசலில் கோலம் போடுவதற்குப் பதிலாக அந்தப் பதிவேட்டில் ஒரு வரியை எழுதிக் காட்டுகிறீர்கள். ஒரு டொமைனின் கீழ் வரும் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் ஒரே சான்றிதழ் வேண்டுமென்றால் லெட்ஸ் என்கிரிப்டில் இந்த வழியில்தான் வாங்க முடியும். 2018 மார்ச் முதல் தருகிறார்கள். இந்தப் பேச்சுவார்த்தை முழுவதையும் நிரல்களே நடத்திக்கொள்வதற்கான விதிமுறைக்கு ஆக்மி என்று பெயர்.

சுருக்கமாக: டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சோதிக்கிறார்கள். நீங்கள் யார், கடை எங்கே, சேலை உண்மையான சுங்குடிதானா என்று யாரும் கேட்கவில்லை.

இலவசம் என்றால் மட்டமா?

குறியாக்கத்தின் வலிமை சான்றிதழின் விலையைப் பொறுத்ததல்ல. கட்டணச் சான்றிதழ்களில் சில வகைகளுக்கு, நிறுவனத்தின் பதிவு ஆவணங்களையும் சரிபார்ப்பார்கள். கட்டணம் அந்த உழைப்புக்கு. முன்பு அப்படிப்பட்ட சான்றிதழ் இருந்தால் முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயர் பச்சையாகத் தெரியும். 2019இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அதையும் எடுத்துவிட்டன. உள்ளூர்க் கடைத் தளத்துக்கு ஆண்டுதோறும் அதற்காகப் பணம் கட்டச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

வாங்கும் வேலை

இதில் சொல்ல அதிகமில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இடம் வாடகைக்கு எடுத்திருந்தால், கட்டுப்பாட்டுப் பலகையில் பெரும்பாலும் ஒரு பொத்தான் இருக்கும். பல இடங்களில் அதுவும் தேவையில்லை, தானாகவே வந்துவிடும். சொந்தமாகச் சர்வர் வைத்திருப்பவர்களுக்குச் செர்ட்பாட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. சர்வருக்குள் இருந்து பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் மென்பொருளை வெப் சர்வர் என்கிறோம். கேடி என்ற வெப் சர்வரைப் பயன்படுத்தினால் சான்றிதழ் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை சில. முன்னால் மூன்று டபிள்யூ உள்ள பெயரும் இல்லாத பெயரும் இரண்டு வெவ்வேறு பெயர்கள். சான்றிதழில் இரண்டையும் சேருங்கள். பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்து, அதற்குள் ஒரு படம் மட்டும் பழைய எச்டிடிபி முகவரியிலிருந்து வந்தால் பிரவுசர் முகம் சுளிக்கும். வரவில்லையே என்று பதறி மறுபடி மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். அதே பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான் தருவார்கள். பழகிப் பார்க்கத் தனியே ஒரு சோதனைக் களம் வைத்திருக்கிறார்கள். வழங்கப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன, எவரும் தேடிப் பார்க்கலாம். ஆகவே ரகசியமான துணைப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. டொமைன் பெயர் தமிழில் இருந்தாலும் சான்றிதழ் கிடைக்கும்.

தொண்ணூறு நாள்

இப்போது அண்ணனின் கடைக்கு வருவோம்.

பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுக்கும் மின்னணுத் தராசுக்கு எடையளவுத் துறை ஆண்டுக்கொருமுறை சோதித்து முத்திரை இடும். எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்பது முத்திரையிலேயே இருக்கும். தராசு நேற்று வரை சரியாக நிறுத்தது என்பது பதில் ஆகாது. தேதி தாண்டினால் தாண்டியதுதான். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். 91ஆம் நாள் சர்வர் அதேதான், சாவி அதேதான், குறியாக்கம் அதேதான். ஆனாலும் பிரவுசர் வாசலை மறிக்கும்.

ஏன் இவ்வளவு குறைந்த ஆயுள்? சாதிச் சான்றிதழ் மாறாததைச் சொல்வதால் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானம் மாறும் என்பதால் வருமானச் சான்றிதழுக்குக் காலக்கெடு வைத்திருக்கிறார்கள். டொமைன் இரண்டாவது வகை: கை மாறும், புதுப்பிக்காமல் விட்டால் வேறொருவர் வாங்கிக்கொள்வார். தனிச்சாவி திருடு போகவும் வாய்ப்புண்டு. திருடு போன சாவியின் சான்றிதழை ரத்து செய்ய முடியும் என்றாலும், ரத்தானதைப் பிரவுசர்கள் எல்லாம் உடனே கவனிப்பதில்லை. சீக்கிரம் காலாவதியாவதே நம்பகமான மருந்து. சான்றளிக்கும் அமைப்புகளும் பிரவுசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, கட்டணச் சான்றிதழ்களுக்கும் உச்ச ஆயுள் படிப்படியாகக் குறைகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சிலிருந்து 100 நாள், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள். பணம் கட்டினால் ஒரு வருடம் நிம்மதி என்ற கணக்கும் இனி எடுபடாது.

அதனால் புதுப்பிப்பதை மனிதர்கள் செய்யக் கூடாது. செர்ட்பாட்டை நிறுவினால் பெரும்பாலான சர்வர்களில் ஒரு நாளைக்கு இருமுறை அது விழித்துப் பார்த்து, காலாவதி நெருங்கியிருந்தால் மறுபடி கோலம் போட்டுப் புதுச் சான்றிதழ் வாங்கி வைத்துவிடும்.

எனக்கும் வாங்கி வைத்திருந்தது. அதுதான் வேடிக்கை. அன்று காலை சர்வருக்குள் போய்ப் பார்த்தால், செர்ட்பாட் ஒரு மாதத்துக்கு முன்பே ஒழுங்காகப் புதுப்பித்து, புதுக் கோப்பைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறது. வெப் சர்வரோ தொடங்கும்போது படித்த பழைய சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் அதையே நீட்டிக்கொண்டிருக்கிறது. புது முத்திரைச் சான்று பீரோவுக்குள், பழையது கடைச் சுவரில். கோப்பு மாறினால் மறுபடி படி என்று வெப் சர்வரிடம் சொல்ல ஒரு வரி வேண்டும். செர்ட்பாட்டே வெப் சர்வரின் அமைப்பையும் பார்த்துக்கொள்ளும்படி நிறுவியிருந்தால் அது தானாக நடந்திருக்கும். நான் சான்றிதழை மட்டும் வாங்கும் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த ஒரு வரியை எழுத மறந்திருந்தேன். தவறு முழுக்க என்னுடையது.

லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு காலத்தில் காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் அனுப்பியது. 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். அது இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. அவர்கள் கணக்குப்படி நான் புதுப்பித்துவிட்டேனே! ஆகவே சர்வருக்குள்ளிருந்து கோப்பைப் பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. தெருவிலிருந்து, வாடிக்கையாளர் வரும் வழியிலேயே வந்து, தளம் எந்தத் தேதிச் சான்றிதழைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தைத் தொட்டால் சான்றிதழின் காலாவதித் தேதி கிடைக்கும். இப்போது வேறொரு கணினியிலிருந்து தினமும் ஒரு சிறு நிரல் இதையே பார்த்து, இருபது நாளுக்குக் கீழே போனால் எனக்குச் செய்தி அனுப்புகிறது.

முத்திரை சொல்லாதது

தராசில் முத்திரை இருக்கிறது. அதற்காகப் பூ இன்று பறித்தது என்று அர்த்தமா? நேற்றைய பூவையும் முத்திரை குத்திய தராசில் நிறுக்கலாம்.

'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த இணைப்பைத் தொட்டுக் கட்டணம் செலுத்துங்கள்' என்று வரும் மோசடிக் குறுஞ்செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அவை கூட்டிப்போகும் போலித் தளத்துக்கும் முறையான சான்றிதழ் இருக்கக்கூடும். ஓர் எழுத்து மாற்றி டொமைன் வாங்கியவருக்கு அந்த டொமைன் அவருடையதுதானே. கோலம் போடச் சொன்னால் போட்டுவிடுவார். உங்களுக்கும் திருடனுக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று பிரவுசர் உறுதி சொல்லும். பூட்டுப் படத்தை மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் 2023இல் அதை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. முகவரியில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பது உங்கள் வேலைதான்.

அதேபோல, உங்கள் தளத்தின் கடவுச்சொல் எளிதாக இருந்தாலோ மென்பொருள் பழையதாக இருந்தாலோ சான்றிதழ் காப்பாற்றாது. அது துண்டுக்குள் நடக்கும் பேரத்தைத்தான் காக்கிறது, தொழுவத்தை அல்ல.

விடுபட்ட அந்த வரியை எழுதி, வெப் சர்வரை மறுபடி படிக்க வைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை. கோயம்புத்தூர் அம்மாவுக்கு அண்ணனே போன் செய்து, மறுபடி திறந்து பார்க்கச் சொன்னார். அன்று மாலை கடைக்குப் போய், நடந்ததை அவருக்கு முத்திரைக் கணக்கிலேயே சொன்னேன். அவர் கடையில் துணியை மீட்டர் கணக்கிலும் வெட்டிக் கொடுப்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில், 'மீட்டர் கோல் முத்திரை' என்று ஏற்கெனவே எழுதியிருந்த வரிக்குக் கீழே, பேனாவை எடுத்து 'வெப்சைட் முத்திரை' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "தேதி சொல்லு" என்றார்.